துணைக்கால்

பத்திரிகை ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர் ஒற்று. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதை யாரும் வாயால் சொன்னதில்லை. மெய்ப்புத் திருத்துகிற பிரிவில் பதினாறு வருஷம் உட்கார்ந்து, விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் தேடித் தேடிப் போட்டவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். நிருபர்கள் எழுதி அனுப்புவதில் ஊரே பற்றி எரியும், ஆனால் ஒற்று இருக்காது. அவன் அதை நுழைத்துவிட்டு, எரிகிற ஊரை அப்படியே அடுத்த மேஜைக்குத் தள்ளுவான். செய்தி உண்மையா பொய்யா என்று பார்ப்பது அவன் வேலை இல்லை. எழுத்து சரியா என்று பார்ப்பதுதான்.

ஒருநாள் மாலை, பக்கம் அச்சுக்குப் போகப் பத்து நிமிஷம் இருக்கையில், ஒரு தலைப்பு அவன் கைக்கு வந்தது. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஒப்பந்தக்காரர் மட்டமான சிமெண்ட் போட்டார் என்று. பார்த்தவர் யார், சொன்னவர் யார் என்று எழுதிய நிருபருக்கே தெரியாது. ஒற்றுக்கு என்ன தோன்றியதோ, ‘போட்டார்’ என்பதில் கடைசி எழுத்தின் மேலிருந்த புள்ளியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டான். பின்னால் ஒரு கேள்விக்குறி. ‘போட்டாரா?’ மறுவாரம் ஒப்பந்தக்காரரின் வக்கீல் நாலு பக்கத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஒன்றும் பலிக்கவில்லை. கேள்வி கேட்டவன்மேல் என்னவென்று வழக்குப் போடுவது? ஆசிரியர் முதல்முறையாக மெய்ப்புப் பிரிவுக்கு இறங்கி வந்து அவன் தோளைத் தட்டினார். துணைக்கால் இருந்தால் எந்த வம்பிலிருந்தும் ஓடிவிடலாம் போலிருக்கிறதே என்றார். அவர் சும்மா சொன்னார். இவன் அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டான்.

இரண்டு வருஷத்தில் பிழை திருத்தும் மென்பொருள் வந்தது. அது தப்பும் தவறுமாகத்தான் திருத்தியது. ஆனால் டீ கேட்காது, லீவு கேட்காது. மெய்ப்புப் பிரிவில் இருந்த ஐந்து பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுக்குக் கொடுத்த வேலைநீக்கக் கடிதத்தில் மூன்று ஒற்றுப்பிழை. உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்கினான் என்று அங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. நாற்பத்தோரு வயதில் ஒரு மனுஷனுக்குக் கையில் இருந்த ஒரே தொழில் போயிற்று, அவ்வளவுதான்.

போக்கிடம் ஒன்றுதான், அக்கா வீட்டு மாடியறை. அக்கா அவனைவிட எட்டு வயது பெரியவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது, தானே அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தவள், இவனை இடுப்பில் தூக்கிக்கொள்ளாத குறையாக வளர்த்தாள். இவன் படிப்பு முடிகிறவரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. விடிந்ததும் போய், வடிகட்டும் தொட்டியிலிருந்தும் ஊர்க் குழாய்களிலிருந்தும் வந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டு, வெளிர் மஞ்சளா அடர்மஞ்சளா என்று நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதுவாள். பக்கத்தில் வந்தால் நீச்சல்குள வாசனை அடிக்கும். அந்த வேலைக்கு அவள் போட்ட விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தவன் தம்பிதான். விட்டுப்போன சொல்லைச் செருக வேண்டிய இடத்தில் குட்டிக் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே எழுத வேண்டும் என்று அப்போது அவளுக்குக் காட்டிக் கொடுத்தான். அதற்கப்புறம் லீவு விண்ணப்பத்தைக்கூட அவனிடம் காட்டாமல் அவள் கொடுத்ததில்லை.

அக்கா புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மச்சினன் பெட்டியோடு வந்து நின்றபோது அவர் சொன்னது, “மேல ரூம் சும்மாதான் கிடக்கு.”

மாடியறையில் சும்மா கிடந்த நாளில்தான் ஒற்று அந்த முதல் வீடியோவைப் போட்டான். ஆற்றுப் பாலத்தைப் பற்றி நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘பாலத்தில் அச்சப்படும்படியான விரிசல் ஏதும் இல்லை.’ அவன் அதைச் சுவரில் ஒட்டி வைத்து, சிவப்புப் பேனாவால் ‘அச்சப்படும்படியான’ என்பதைச் சுழித்தான். விரிசல் இல்லை என்றால் விரிசல் இல்லை என்று எழுத வேண்டியதுதானே, நடுவில் இந்த அடைமொழிக்கு என்ன வேலை என்று கேட்டான். அடைமொழி இருந்தால் விரிசலும் இருக்கிறதா? மூன்றாவது வாரம் பாலத்தை மூடினார்கள். நிஜமாகவே விரிசல் இருந்தது.

அந்த ஒரு தடவை அவன் சொன்னது பலித்தது. பலிக்காமல் இருந்திருந்தால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக் கொடுத்து நிம்மதியாக இருந்திருப்பான்.

சேனலுக்கு ‘ஒற்றன்’ என்று பெயர் வைத்தான். ஆபீஸ்காரர்கள் கேலிக்கு வைத்த பெயரில் ஒரு ‘ன்’ சேர்ந்ததும் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. எந்த அறிக்கை வந்தாலும் பிரித்து மேய்வான். ‘ஆய்வு செய்யப்பட்டது’ என்றால், செயப்பாட்டு வினை, செய்தவன் எங்கே ஒளிந்திருக்கிறான்? ‘பாதிப்பு இல்லை’ என்றால், ஏன் ‘பாதிப்பே இல்லை’ என்று இல்லை, அந்த ஏகாரத்தை எடுத்தவர் யார்? “விகுதியப் பாருங்க” என்பான். “பொய் சொல்றவன் வார்த்தைய மாத்திடுவான், விகுதிய மாத்த மறந்துடுவான்.” கேட்கிறவர்களுக்குப் புல்லரித்தது. பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் கோட்டை விட்டவர்களெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஏகாரம் தேடினார்கள்.

பாலம் ஒன்றுதான் இருந்தது. வாரம் இரண்டு வீடியோ போட வேண்டியிருந்தது. தெருவிளக்கை மாற்றினார்கள், மேலிருந்து நம்மைப் பார்க்கிறார்களா என்றான். ஆஸ்பத்திரியில் சுவருக்குப் பச்சை அடித்தார்கள், எதை மறைக்கிறார்கள் என்றான். பள்ளிக்கூட மணி இரண்டு நிமிஷம் முந்தி அடித்ததற்குக்கூட ஒரு வீடியோ இருக்கிறது, நாற்பது நிமிஷம். எல்லாவற்றுக்கும் கடைசியில் துணைக்கால் உண்டு, கேள்விக்குறி உண்டு. முடிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நான் எதையும் சொல்லல, கேக்கறேன். மீதிய மக்கள் முடிவு பண்ணட்டும்” என்பான். தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் தடவை அவன் பெயருக்குக் கீழே மொழி ஆர்வலர் என்று போட்டார்கள், மூன்றாவது தடவை சமூக விமர்சகர், ஏழாவது தடவை மூத்த சமூக விமர்சகர். ஆறு மாதத்தில் இப்படி மூத்தவரை நான் பார்த்ததில்லை.

அக்கா அதையெல்லாம் பார்ப்பதில்லை என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்.

“என்னவோ பண்ணிக்கோ. என் வேலைப் பக்கம் மட்டும் வராத. நான் வீட்ல பேசறது வீட்டுக்கு.”

“நான் என்ன பைத்தியமா?” என்று கேட்டான். அதுவும் கேள்விதான். சத்தியம் பண்ணியதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. ஒரு சாயங்காலம் அக்கா அடுப்படியில் நின்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலங்கலாக வருகிறது, குளோரின் இரண்டு மடங்கு போட்டால்தான் குழாய்முனைக்கு வரும்போது அளவு நிற்கிறது, நாலு நாள் வாசனை இருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் பானையை மூடியபடி இதைச் சொன்னாள். ஒற்று சாப்பாட்டு மேஜையில் இருந்தான். அந்த வாரம் அவனிடம் சரக்கு இல்லை. புதிதாக ஒரு பையன் கிளம்பியிருந்தான், நிலாவைப் பற்றி உளறுகிறான், இலக்கணம் சுத்தமாகக் கிடையாது, அவனுக்கு இவனைவிட இரண்டு மடங்கு கூட்டம். போதாததற்கு, சேனலுக்கு விளம்பரம் தருகிற தண்ணீர் வடிகட்டி வியாபாரி, நம்ம பொருளுக்கு ஒத்தாற்போல ஏதாவது பேசக்கூடாதா என்று இரண்டு தடவை போன் செய்திருந்தார். ‘பயப்பட ஒண்ணும் இல்ல’ என்று அக்கா சொன்னதில் அவன் காதுக்குப் பாலத்து விரிசல் கேட்டது. கேட்டதா, கேட்க வைத்துக்கொண்டானா என்று என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் என்பேன்.

‘குடிநீரில் விஷம் கலக்கிறார்களா?’

நேரலை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. வாசனை வருகிறதா என்று கேட்டான். வருகிறது வருகிறது என்று ஊரே எழுதியது. எதை இரண்டு மடங்கு போடுகிறார்கள் என்று கேட்டான். எல்லாம் துணைக்காலோடு பத்திரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒருவர் போனில் வந்தார். வயசான குரல், மரியாதையான மனுஷன். அவர் கேட்டதெல்லாம், இதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை நீங்களாகச் சொல்கிறீர்களா என்பதுதான்.

மூன்று வருஷமாக ஊரையே கேள்வி கேட்டவனை ஒருத்தர் திருப்பிக் கேட்டுவிட்டார். அவனுக்குச் சுருக்கென்று இருந்தது.

“நானா சொல்லலீங்க. உள்ள வேலை பாக்குற அக்கா சொன்னா.”

சொன்னவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெயர் சொன்னானா, அடையாளம் சொன்னானா? ஊரில் யார்தான் அக்கா இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவள் அக்கா, துணிக்கடையில் அளவெடுப்பவள் அக்கா. அந்தக் கூட்டத்தில் ஓர் அக்காவை ஒளித்து வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, மக்கள் முடிவு பண்ணட்டும் என்று முடித்தான்.

மக்கள் முடிவு பண்ணினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் அவன் சேனலிலேயே ஒருவன் எழுதினான்: ‘கவனிச்சீங்களா? அண்ணன் “சொன்னாங்க”ன்னு சொல்லல, “சொன்னா”ன்னு சொன்னாரு. ஊர் அக்காவ யாரும் அவ இவன்னு பேச மாட்டோம். கூடப் பொறந்தவளத்தான் அப்படிச் சொல்லுவோம். விகுதியப் பாருங்கன்னு நமக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான்.’ அதற்குக் கீழே ஆயிரம் கைதட்டல். பாடம் நன்றாகத்தான் ஏறியிருந்தது. நாலு மணிக்கு அக்காவின் கல்யாணப் போட்டோவைக் கண்டுபிடித்தார்கள். ஐந்து மணிக்கு அவள் வேலை பார்க்கும் இடம், போகும் பஸ், கைபேசி எண். ஆறு மணிக்கு முதல் போன் வந்தது. எடுத்தவர் மாமா. கேட்டுவிட்டு, போனை அக்காவிடம் கொடுக்காமல் அணைத்து அலமாரியின் மேல் வைத்தார்.

அவளைப் பாராட்டத்தான் பாதிப் பேர் கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்ன வீராங்கனை. மீதிப் பாதி, இத்தனை நாள் விஷத்தை ஊற்றியது இந்தக் கைதானே என்றார்கள். திங்கட்கிழமை ஆய்வகத்து வாசலில் இரண்டு கூட்டமும் நின்றன. ஒன்று மாலையோடு, ஒன்று கல்லோடு. அவள் கண்ணாடிக் குழாய்கள் வைத்திருந்த மேஜைக்கு மேல் ஜன்னல் உடைந்தது. அன்றைக்கே வாரியம் அவளை இடைநீக்கம் செய்தது. அலுவலக விவரத்தை வெளியாளுக்குச் சொன்னதற்கு ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாகப் போகாதவள்.

ஊர் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. கல்குவாரிக் குட்டையிலிருந்து லாரியில் கொண்டுவந்து விற்றவனிடம் குடம் குடமாக வாங்கிக் குடித்தார்கள். மூன்றாம் நாள் வாந்தி பேதியில் அறுபது பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். நல்லவேளை, யாருக்கும் உயிர் போகவில்லை. பார்த்தீர்களா, குழாய்த் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது என்று ஒற்றனின் கூட்டம் எழுதியது. ஆஸ்பத்திரியின் அந்தப் பச்சைச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பழைய வீடியோவையும் தோண்டி எடுத்தார்கள்.

அக்கா அவனிடம் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்கு ஏதாவது பதில் சொல்ல வந்திருக்கும். தட்டில் சாப்பாடு வைத்து மூடிவிட்டுப் போய்விடுவாள். வேலைக்குப் போகாத நாலாவது நாளும் விடிகாலையில் எழுந்து, குளித்து, புடவை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேசியது மாமாதான். மாடிப்படியில் நின்று, கையில் ஸ்பேனரோடு.

“ஒரே ஒரு தடவை முற்றுப்புள்ளி வச்சுப் பேசு. அவ வேலை போயிடும்.”

அவன் பேசினான். நான் அவனைக் குறை சொன்னாலும் இதை மறைக்க மாட்டேன். மனசாரத்தான் பேசினான். கேமரா முன்னால் உட்கார்ந்து, எழுதி வைத்திருந்ததைப் படித்தான். தண்ணீரில் விஷம் இல்லை. மழைக்காக மருந்தைக் கூட்டினார்கள். என் அக்கா வீட்டில் பேசியதை நான் திரித்தேன். அவள் எந்த ரகசியத்தையும் வெளியே சொல்லவில்லை. தப்பு என்னுடையது. ஐந்து வாக்கியம், ஐந்து முற்றுப்புள்ளி. படித்து முடித்ததும் உடம்பு லேசானது போலிருந்தது.

அரை மணி நேரம்கூட அது நிலைக்கவில்லை. ‘அண்ணன் கேள்வி கேக்காம ஒரு வாக்கியம் பேசிப் பாத்திருக்கோமா? இது அண்ணன் எழுதினதே இல்ல.’ ‘“விஷம் இல்லை”ன்னு படிச்சாரு. “விஷமே இல்லை”ன்னு படிக்கல. ஏகாரத்த வேணும்னே விட்டிருக்காரு. நமக்குத்தான் சொல்றாரு.’ ‘புரிஞ்சுது அண்ணே. தைரியமா இருங்க.’ வாழ்நாளில் அவன் போட்ட எந்த வீடியோவையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் அவன் பதில் எழுதினான். ஒவ்வொரு பதிலிலும் ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ‘இல்லவே இல்லை’ என்று எழுதியபோது, இவ்வளவு அழுத்திச் சொல்ல வைக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டார்கள். தான் தைத்துக் கொடுத்த சட்டை தனக்கே கழுத்தைப் பிடித்தது.

ஐந்தாம் நாள் தொலைக்காட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். அன்று மாலை விவாதத்தின் தலைப்பு, ‘ஒற்றன் மிரட்டப்பட்டாரா?’ அங்கே போய்ச் சொன்னால் ஊர் நம்பும் என்று நினைத்துப் போனான். அக்காவிடம் கதவோரம் நின்று, “இன்னிக்கு டிவியில தெளிவா சொல்லிடறேன்” என்றான். அவள் அவனைப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

ஸ்டூடியோவில் முகத்துக்குப் பவுடர் போட்டார்கள், காலரில் மைக் குத்தினார்கள். நாலு பேர் நாலு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த நெறியாளர் இவன் பக்கம் திரும்பினார்.

“உங்கள யார் மிரட்டினது?”

“என்னை யாரும் மிரட்டல. தப்பு என்னோடது.”

“மிரட்டலன்னு சொல்லச் சொல்லி மிரட்டினாங்களா?”

பாருங்கள், அதுவும் துணைக்கால்தான். எதிரே இருந்த திரையில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது, கீழே மூத்த சமூக விமர்சகர் என்று எழுதியிருந்தது. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் திரை வேறு ஆளுக்குப் போய்விடும், நாளைக்கு நிலாப் பையன் அந்த நாற்காலியில் உட்காருவான், மாடியறையில் இவன் பழைய ஒற்றாகப் படுத்துக் கிடப்பான். இவ்வளவும் அவன் யோசித்தான் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கிற அளவுக்கு நேரம் இல்லை. கை தானாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது.

“அத மக்கள் முடிவு பண்ணட்டும்” என்றான்.

ஸ்டூடியோ அதிர்ந்தது. நெறியாளர் மேஜையைத் தட்டினார். விளம்பர இடைவேளையில் தயாரிப்பாளர் ஓடி வந்து, வாரம் நாலு நாள் அவனுக்கென்று தனி நிகழ்ச்சி தருவதாகச் சொன்னார். அவன் தலையாட்டினானா, சும்மா கேட்டுக்கொண்டிருந்தானா என்று அவனுக்கே நினைவில்லை. வெளியே வந்தபோது வாசல் காவலாளி சல்யூட் அடித்தார்.

வீட்டில் தொலைக்காட்சி அணைந்திருந்தது. ஆனால் அதன் மேல்பகுதி தொட்டால் இன்னும் சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியேறினான்.

மறுநாள் மத்தியானம் அக்கா கீழிருந்து அவனைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் தாள், பக்கத்தில் பேனா. மாமா ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாரியத்துக்குக் கொடுக்க வேண்டிய விளக்கம். நாளைக்குக் கடைசி நாள்.

“பிழை பாத்துக் குடு” என்றாள்.

எத்தனையோ விண்ணப்பங்களை இதே மேஜையில் வைத்துத் திருத்தியிருக்கிறான். உட்கார்ந்தான். அவள் கையெழுத்து மாறவே இல்லை, வரிசை பிசகாத குண்டு எழுத்து. தேதி, பொருள், மதிப்புக்குரிய ஐயா. நான் எந்த விவரத்தையும் ஒளிபரப்புவதற்காக யாரிடமும் கூறவில்லை. தண்ணீரின் தரம் அந்த நாட்களிலும் வரையறுத்த அளவுக்குள்ளேயே இருந்தது, பதிவேட்டைப் பார்க்கலாம். இரண்டு இடத்தில் சின்னத் திருத்தம் போட்டான். மூன்றாவது பத்திக்கு வந்தான்.

‘மேற்படி நிகழ்ச்சியை நடத்தும் நபர் இனி என் வீட்டில் வசிக்க மாட்டார். அவருக்கும் எனக்கும் எந்த தொடர்பும் இல்லை.’

நபர். அந்த வார்த்தையிலேயே அவன் கண் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வரிக்குப் போனது. ‘எந்த’வுக்கும் ‘தொடர்பு’க்கும் நடுவில் ஒற்று விட்டுப்போயிருந்தது. இருபது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா. ஒரு ‘த்’ போட்டான். எந்தத் தொடர்பும் இல்லை. இப்போது வாக்கியம் சுத்தமாக இருந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“ஆபீசுக்காக எழுதினியா? நிஜமாவா எழுதினே?”

“நான் எழுதியிருக்கேன்டா. கேள்வி கேக்கல.”

மாமா திரும்பவில்லை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஒற்று மறுபடியும் தாளைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒன்று தட்டுப்பட்டது. ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது. ‘இல்லவே இல்லை’ என்று இல்லை. அவள் நினைத்திருந்தால் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு ஏகாரத்தின் இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தில் தான் எப்படியும் நுழைந்து நின்றுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் சேனல் ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து தேடுவார்களே, அதே மாதிரி. விரல் அந்த இடத்தைத் தடவியது. உதட்டோரம் லேசாகச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

அக்கா அந்த விரலைப் பார்த்தாள். சிரிப்பையும் பார்த்தாள். மூன்று வருஷமாக அவன் போட்ட வீடியோ ஒன்றைக்கூட அவள் விடாமல் பார்த்திருக்கிறாள் என்பது அந்த நிமிஷம்தான் அவனுக்குத் தெரிந்தது. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். ‘இல்லை’க்கு முன்னால், அவன் அந்தக் காலத்தில் காட்டிக் கொடுத்த மாதிரியே, குட்டிக் கூரை மாதிரி ஒரு குறி போட்டு, அதன் மேல் நிதானமாக ‘இல்லவே’ என்று எழுதினாள்.

தாளை மறுபடியும் அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இப்ப பாரு. பிழை இருக்கா?”

அவன் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்தான். எங்காவது ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு புள்ளி விட்டுப்போயிருக்காதா என்று இரண்டாவது தடவையும் படித்தான்.

“இல்ல” என்றான்.

அதை மட்டும் அக்கா நம்பினாள். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.